திடீர் வீழ்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

நிறுவனமோ படையோ நாடகமோ சந்தையோ திடீரென நிலைகுலைவதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: கொலாப்ஸ், கிராஷ், டிபாக்கிள், ஃபியாஸ்கோ, பேங்க்ரப்ட்சி, பேனிக், மெல்ட்டவுன். அகராதிகள் இவற்றை ஒரே வரிசையில் அடுக்கினாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காருவதில்லை. இவற்றில் பல வேற்று மொழிகளிலிருந்து வந்தவை. ஆறு, மேடை, நோய், இயந்திரம் என்று வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. ஆனால் எங்கே பிறந்திருந்தாலும் அநேகமாக எல்லாமே ஒருநாள் பணச்சந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

இவற்றில் சுவாரசியமான வரலாறு டிபாக்கிளுக்கே உண்டு. தாழ்ப்பாளை நீக்குவது என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது இது. உறைந்த ஆற்றின் பனி குளிர்காலம் முடிந்து உடைந்து ஓடுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் இப்படிச் சொன்னார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இதைப் புழங்கவிட்டவர்கள் நிலவியலாளர்கள்; பாறைகளைப் புரட்டிச் செல்லும் பெருவெள்ளம் என்பதே அவர்கள் கொண்ட பொருள். அப்படியொரு வெள்ளத்தை ஐரோப்பா கண்ணெதிரே கண்ட ஆண்டு 1818. சுவிட்சர்லாந்தின் பாஞ் பள்ளத்தாக்கில் ஜியெத்ரோ பனியாற்றிலிருந்து சரிந்த பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்துக்கொண்டன. பின்னால் ஏரியே உருவானது. ஆபத்தை உணர்ந்த பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ், பனிச்சுவரைக் குடைந்து நீரை வடியவிட்டார். கணிசமான நீர் வெளியேறியும் விட்டது. ஆனால் ஜூன் 16 அன்று அணை உடைந்து, மிச்சமிருந்த நீர் கீழேயிருந்த மார்ட்டினி நகர் வரை பாய்ந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. பின்னர் சார்லஸ் லயல் தமது நிலவியல் நூலில் இதை எடுத்தாண்டார்.

படைகளின் சிதறலுக்கும் அரசுகளின் வீழ்ச்சிக்கும் இச்சொல் அந்த நூற்றாண்டின் நடுவிலேயே பொருந்திப்போனது. பிரஷ்யாவிடம் 1870-ல் செடானில் பிரான்ஸ் அடைந்த தோல்வியைப் பற்றி 1892-ல் எமில் ஜோலா எழுதிய நாவலின் பெயரே ‘லா டிபாக்கிள்’. அப்போது வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ‘தி டவுன்ஃபால்’ என்று பெயரிட்டார்கள். மூலத்தின் வேகம் அந்தப் பெயரில் இல்லை. நெடுநாள் தேங்கிய அழுத்தம் ஒரே நொடியில் கட்டவிழ்வதுதான் டிபாக்கிள். கமிட்டிக் கூட்டத்தில் நடந்த சண்டைக்கெல்லாம் இன்றைய நாளிதழ்கள் இச்சொல்லைச் செலவிடுவது கொஞ்சம் ஊதாரித்தனம்.

ஃபியாஸ்கோ இத்தாலிய நாடகக் கொட்டகைச் சொல். அம்மொழியில் ஃபியாஸ்கோ என்றால் குப்பி. மேடையில் படுதோல்வி அடைவதை ‘குப்பி செய்தல்’ என்றார்கள். ஏன் குப்பி என்பதற்கு வெனிஸ் கண்ணாடித் தொழிலாளர் கதை, கோமாளி நடிகர் கதை என்று பல கதைகள் உண்டு. எதற்கும் உறுதியான சான்றில்லை. பேங்க்ரப்ட் என்பதும் இத்தாலியில் தொடங்கியதே: உடைந்த பலகை. கடனைத் தீர்க்க முடியாத வட்டிக்கடைக்காரரின் பலகையை உண்மையிலேயே உடைத்தார்கள் என்ற கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, உருவகமாகவே சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1542-ல், இதற்கெனச் சட்டமே வந்துவிட்டது.

சிறிய தோல்விகளுக்குத் துப்பாக்கியும் வெடியும் சொல் கொடுத்தன. பழைய துப்பாக்கியின் கிண்ணியில் வைத்த மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து, குழலுக்குள் இருப்பது பற்றாமல் போவது ‘ஃபிளாஷ் இன் தி பேன்’. ‘டேம்ப் ஸ்குவிப்’ என்பது நம் ஊர் நமுத்த பட்டாசேதான்.

கொலாப்ஸ், சேர்ந்து சரிதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது. 19-ம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இதை அதிகம் எழுதினார்கள்: காலரா நோயாளியின் உடல் குளிர்ந்து நாடி ஒடுங்கும் கட்டத்துக்கு இதுவே பெயர். கட்டடத்துக்கும் அரசுக்கும் பொதுவான இச்சொல்லுக்குக் கிரிக்கெட்டில் தனி வாழ்வு உண்டு. 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னோடு முடிந்ததை ஆங்கிலம் அறிந்தவர் எவரும் வேறு சொல்லால் சொல்ல மாட்டார்.

கிராஷ் ஓசையிலிருந்து பிறந்தது; வணிக வீழ்ச்சியை அது குறிக்கத் தொடங்கியது 19-ம் நூற்றாண்டில். ஆனால் அந்த நூற்றாண்டு முழுக்கவும் அடுத்ததன் தொடக்கத்திலும் அமெரிக்கர்கள் பேனிக் என்பதையே விரும்பினார்கள். பான் என்ற கிரேக்க மேய்ச்சல்தெய்வம் கிளப்பிவிடும் காரணமற்ற பீதியே அதன் வேர். 1837, 1857, 1873, 1893, 1907 நெருக்கடிகள் அந்தப் பெயரிலேயே வரலாற்றில் நிற்கின்றன. சென்னையில் 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததை ஆங்கிலப் பதிவுகள் கிராஷ் என்கின்றன. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். நொடித்தவர்களைப் பற்றித் தமிழர் பேச்சில் நிலைத்தது கிராஷ் அல்ல. நீதிமன்றம் தந்த ‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ ஆகியவையே.

1929 அக்டோபர் 28, 29 தேதிகளில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு முறையே சுமார் 13, 12 சதவீதம் விழுந்தபின் கிராஷ் என்றாலே அந்த ஆண்டு என்றாகிவிட்டது. அதைத் தொடர்ந்த மந்தத்துக்கு வழங்கிய டிப்ரஷன் என்ற சொல், பேனிக்கைவிட மென்மையானது என்று முதலில் கருதப்பட்டது. சீக்கிரமே அதுவும் அச்சமூட்டத் தொடங்கியது. 1978-ல் அதிபர் கார்ட்டரின் பொருளாதார ஆலோசகர் ஆல்பிரட் கான் டிப்ரஷன் வரக்கூடும் என்று பேசப்போய், வெள்ளை மாளிகையின் கண்டனத்துக்கு ஆளானார். அதன்பின் அந்த இடத்தில் ‘வாழைப்பழம்’ என்று சொல்லத் தொடங்கினார். வாழைப்பழ வணிகர்கள் ஆட்சேபித்ததும் ‘கும்க்வாட்’ என்ற சிறு எலுமிச்சை வகைக்கு மாறினார். பதவியிலிருப்போர் சொல்லுக்கு அஞ்சுவதை இவ்வளவு அழகாகக் கேலிசெய்தவர் வேறொருவர் இல்லை.

அணு உலையின் எரிபொருள் உருகுவதைக் குறித்த மெல்ட்டவுன், 1979-ல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு விபத்தால் பொதுமக்கள் சொல்லானது. 1986-ல் செர்னோபில் அதை உலகுக்கே கற்பித்தது. அடுத்த ஆண்டே, 1987 அக்டோபர் 19 அன்று, டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தபோது, நியூயார்க் பங்குச்சந்தைத் தலைவர் ஜான் ஃபீலன் நிலைமையைச் சொல்ல எடுத்ததும் இச்சொல்லைத்தான்.

2010 மே 6 அன்று அதே குறியீடு கணினி வர்த்தகத்தின் நடுவே சில நிமிடங்களில் ஆயிரம் புள்ளி அளவுக்குச் சரிந்து, அன்று பிற்பகலிலேயே பெரும்பகுதி மீண்டது. சந்தைக்காரர்கள் இதற்கு ‘ஃபிளாஷ் கிராஷ்’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கச் சந்தைகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டு சேர்ந்து அந்தச் செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலோ, அது ‘மே 6-ன் சந்தை நிகழ்வுகள்’ மட்டுமே.