நைல் கரையிலிருந்து தண்ணீர் சுமந்தவர்கள்



ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பண்டைய எகிப்து எப்படி அறிமுகமாகிறது? நைல், பிரமிடு, பாரோ, மம்மி. நான்கு ஒரு மதிப்பெண் வினாக்களில் மூவாயிரம் ஆண்டு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. மன்னர்களின் வரலாற்றை மேடைகளில் எதிர்த்துப் பேசிய நாங்களே, எங்கள் மாலை வகுப்பின் கரும்பலகை முன் மன்னர்களின் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தோம். இந்தத் தன்விமர்சனத்தோடு தொடங்குகிறோம்.

இப்போது வரைபடத்திலிருந்து தொடங்குகிறோம். நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. அதனால் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே இருக்கிறது. ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, வயல்களைத் தாண்டிய வறண்ட பள்ளத்தாக்கில் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறோம். அது டெயர் எல் மெதினா. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து, அவற்றின் சுவர்களில் ஓவியம் தீட்டிய தொழிலாளர்களின் குடியிருப்பு.

"அங்கே தண்ணிக்கு என்ன செய்வாங்க?" என்ற கேள்வி உடனே வருகிறது. தெருக்குழாயில் குடத்தோடு நின்றுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கேள்வி அது. புவியியல் பாடம் அங்கேதான் உயிர் பெறுகிறது.

அந்த ஊரில் வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் ராமசேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, ஏறத்தாழ பொ.ஆ.மு. 1157. தானியம்தான் கூலி. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூட்டை. அது வந்து சேரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைக் கடந்துபோய், மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்றார்கள். அமென்நக்த் என்ற எழுத்தர் எழுதிவைத்த அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இடதுசாரித் தோழர்கள் பலர் இதோடு பாடத்தை முடித்துக்கொள்வார்கள். நாம் முடித்துக்கொள்ள முடியாது. அந்தத் தொழிலாளர்களுக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள். ஆற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள், மீன் பிடித்தவர்கள், விறகு வெட்டியவர்கள், பானை வனைந்தவர்கள், துணி வெளுத்தவர்கள். எந்த வீட்டுத் துணி எந்தச் சலவையாளருக்கு என்ற குறிப்புகூட ஓட்டுச் சில்லுகளில் கிடைத்திருக்கிறது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பேச்சு பதிவாகியிருக்கிறது. அவர்கள் துணியை வெளுத்தவருக்கு ஒதுக்கிய வேலை மட்டும் பதிவாகியிருக்கிறது. எழுதுகோல் யார் கையில் இருந்ததோ, அந்தக் கைக்கு எட்டிய தூரம்வரைதான் நமக்குக் கிடைத்த வரலாறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. எகிப்தின் சலவையாளரைச் சாதிக்குள் வைத்துப் பேசக் கூடாது. தீண்டாமைக்கு அங்கே சான்று இல்லை. எல்லா ஊரிலும் ஏற்றத்தாழ்வு இருந்ததே என்று சொல்லிச் சாதியைக் கரைத்துவிடக் காத்திருப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இந்த மண்ணின் சாதியமைப்பை. அவரிடமிருந்து நாம் எகிப்துக்கு எடுத்துச் செல்வது ஒரு கேள்வியை மட்டும்: ஒடுக்கப்பட்டவருக்கும் கீழே யார் நிறுத்தப்பட்டிருக்கிறார்?

பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் தங்கள் ஊரை வரையச் சொல்கிறோம். குளம், மேல்நிலைத் தொட்டி, கடைசிக் குழாய், மழைநீர் தேங்கும் இடம். ஊரும் சேரியும் எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. வரைபடத்தில் அது தானாக வந்துவிடுகிறது. நைல் கரைக்குப் போய்விட்டு வந்த பிள்ளை, இது இயற்கையாக அமைந்த இடமல்ல, யாரோ அமைத்த இடம் என்று புரிந்துகொள்கிறது.

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறீர்கள். பாரோவின் பெயரைக் கற்றுக்கொடுங்கள், தேர்வில் அது வரும். அவன் கல்லறையைக் குடைந்தவனுக்குத் தண்ணீர் சுமந்தது யார் என்பதையும் அதே வகுப்பில் கேளுங்கள்.