பிரிமணையில் உட்கார்ந்த மைப்புட்டி

1

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், ஒரு வாக்குச்சாவடியில் எனக்கு விரலில் மை வைக்கிற வேலை. முந்தின நாள் கொடுத்த சாமான்களில் மைக்குப்பியும் இருந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மேசை ஆடினால் சாய்ந்துவிடும். தலைமை அலுவலருக்கான கையேடு இதற்கு ஒரு வழி சொல்கிறது: கிண்ணத்திலோ காலித் தகர டப்பாவிலோ அகலமான அடியுள்ள வேறு ஏதாவது ஒன்றிலோ மணலை அல்லது பொலபொலவென்ற மண்ணைப் போட்டு, நடுவில் குப்பியை முக்கால் உயரத்துக்குப் புதைத்து வைக்க வேண்டும். நாங்களும் பள்ளிக்கூட வாசல் மணலை ஒரு கிண்ணத்தில் அள்ளி அப்படியே செய்தோம்.

மின்னணு இயந்திரம், எண் போட்ட முத்திரைத் தாள், அரக்கு, வாசலில் துப்பாக்கியோடு போலீஸ். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிண்ணம் மணல். 1937இல் மைசூர் சமஸ்தானத்தில் தொடங்கிய ஆலை, 1962 பொதுத்தேர்தல் முதல் இந்த மையைச் செய்து வருகிறது. அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது, வெயில் பட்டதும் தோலில் கறுத்துப்போகும் என்றெல்லாம் பாடப்புத்தகமே சொல்லும். ஆனால் குப்பியை நிற்க வைக்க ஒரு தாங்கி எந்த ஆலையிலிருந்தும் வருவதில்லை. அந்தப் பொறுப்பு கைக்குக் கிடைத்த டப்பாவுக்கும் வாசல் மணலுக்கும் விடப்பட்டிருக்கிறது. ‘கிடைத்ததை வைத்துச் சமாளி’ என்பதை அரசே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

அன்று நாள் முழுக்க அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு கேள்வி வந்தது. நம்முடைய எழுத்தின் வரலாற்றில் மைப்புட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தது எது? யார்?

2

பேனாவுக்கு வரலாறு இருக்கிறது. வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றது தெரியும். ராஜமுந்திரியில் ரத்னம் செய்த சுதேசிப் பேனாவுக்கு 1935இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதியது தெரியும். மைக்கும் வரலாறு இருக்கிறது. பிற்பாடு கேம்லின் என்று அறியப்பட்ட பம்பாய் நிறுவனம் 1931இல் மைத்தூளும் மை மாத்திரையும் விற்றுத் தொடங்கியது. ராஜ்ஷாஹியில் 1934இல் சுலேகா மை வந்தது. சுதேசியத்தின் கதையாடலில் இவற்றுக்கெல்லாம் இடம் உண்டு. ஆனால் புட்டிக்குக் கீழே இருந்த பொருளுக்கு இடம் இல்லை. அது விற்பனைச் சரக்கு அல்ல. அதற்குப் பெயர்ச்சீட்டும் விளம்பரமும் கிடையாது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஓலையில் எழுதியவனுக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி; ஆணியை இடது கட்டைவிரல் தாங்கி நகர்த்தும். எழுதி முடித்த பிறகுதான் இலைச்சாறும் விளக்குக் கரியும் தடவி எழுத்தைத் துலக்குவார்கள். மை பிறகு வருவது. எழுதும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நின்றுகொண்டேகூட எழுதலாம். எழுத்து முழுக்க இரண்டு கைகளுக்குள் நடந்தது.

காகிதம் வந்ததும் இது மாறுகிறது. காகிதத்துக்குச் சமதளம் வேண்டும். தொட்டு எழுதும் இறகுக்கும் கட்டைப் பேனாவுக்கும் பக்கத்திலேயே ஒரு மைக்கூடு நிற்க வேண்டும். ஆக, மையைத் தொட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் எழுத்துக்கு ஓர் ‘இடம்’ தேவைப்பட்டது. இந்த இடத்துக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் மேசை. மேசையும் போர்ச்சுகீசியச் சொல், பேனாவும் போர்ச்சுகீசியச் சொல். இரண்டும் கடல் வழி வந்தவை. கச்சேரியிலும் மிஷன் பள்ளியிலும் மேசையில் குழி போட்டு, அதில் மைக்கூட்டை இறக்கி வைத்தார்கள். மேசை இல்லாதவன் என்ன செய்தான்?

எழுதப் படிக்கக் கற்றவர்களில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்தவர்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். இதைப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1789இல் தான் பொறுப்பேற்ற எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியில் அந்த முறையைப் புகுத்தி, 1797இல் அதைப் பற்றி லண்டனில் அச்சிட்டார். மணல் அப்படிச் சீமைக்குப் போனது. சாணி மெழுகிய தரை, கோரைப்பாய், மேடுபள்ளமான களிமண் தளம் – இவற்றின் மேல் ஒரு கண்ணாடிப் புட்டியை நிறுத்துவது எப்படி என்பதைப் பெல் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, அவரிடம் மேசை இருந்தது.

ஊற்றுப்பேனா புட்டியிலிருந்து எழுதுபவனை விடுவித்தது என்பார்கள். பாதி உண்மைதான். பேனா சட்டைப்பைக்குப் போனது. புட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்பேத்கர் சிலைகளில் பையில் செருகிய பேனாவைப் பார்க்கிறோம். அந்தப் பேனா ஒரு பொது அடையாளம், ஓர் உரிமைக் கோரல். அந்த மாதிரி ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால், வீட்டு மூலையில், சாயாமல் நிற்க வைக்கப்பட்ட ஒரு புட்டி இருந்திருக்கிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

3

இனி என் வீட்டுக் கதை. 1999இல் ஆறாம் வகுப்பு. ரெண்டு ரூபாய்க்குப் பந்துமுனைப் பேனா கடையில் தொங்கிக்கொண்டிருந்த காலம்தான். ஆனால் எங்கள் வாத்தியாருக்கு மைப்பேனாதான் வேண்டும். பந்துமுனையில் எழுதினால் கையெழுத்துக் கெட்டுப்போகும் என்பார். பள்ளியில் பழைய மேசைகள் கொஞ்சம் இருந்தன. மைக்கூட்டுக் குழி அப்படியே இருக்கும், அதில் புளியங்கொட்டையும் பென்சில் சீவலும் கிடக்கும். அந்த மேசைகள் யாருக்கு, தரை யாருக்கு என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மை தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் அஞ்சு சொட்டு கடன் வாங்குவோம். மறுநாள் எண்ணித் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடன் கணக்கில் ஒருநாள் புட்டியையே பள்ளிக்குக் கொண்டுபோனேன். தரையில் வைத்ததைக் காலால் தட்டி, இன்னொருவனுடைய நோட்டு முழுக்க நீலம். உள்ளங்கையில் ஆறு அடி. அது போகட்டும். மை போச்சே என்பதுதான் வீட்டில் பெரிய துக்கம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் ஏன் சாய்கிறது என்பது தெரியும். உருண்டை அடிப்பானையோடு ஆயுள் முழுக்கப் புழங்கியவளுக்கு அது தெரியாமல் எப்படி? அன்று ராத்திரியே ஒரு சிரட்டையை எடுத்து (வடக்கே கொட்டாங்கச்சி என்பார்கள்), அடியைக் கல்லில் தேய்த்து, மண்ணை நிரப்பிப் புட்டியை அதில் அமுக்கினாள். நன்றாகத்தான் நின்றது. வேலை முடிந்து வந்த அப்பா அதைப் பார்த்தார்.

“ஏளா, அதத் தூரப் போடு. சிரட்டையில நாங்க குடிச்சது போதும். அவன் எழுதுற எடத்துல அது வேண்டாம்.”

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரும், எங்கள் ஆட்களுக்கு வெளியே தொங்கும் சிரட்டையும் இருந்த காலத்தில் அவர் இளவட்டம். தம்ளர் வந்த பிறகும் ரெண்டு வகைத் தம்ளராகத்தான் வந்தது. அம்மா பதில் பேசவில்லை. சிரட்டையை அடுப்பில் போட்டாள். பழைய சேலையைக் கிழித்து, முறுக்கி, புட்டியின் வயிற்றைச் சுற்றி வளைத்து, முனையை உள்ளே செருகிக் கோணூசியால் நாலு தையல் போட்டாள். பானைக்கு வைக்கோலில் செய்வதை மைப்புட்டிக்குத் துணியில் செய்தாள். பிரிமணை.

புரிமணை என்பதுதான் பிரிமணை ஆனது. புரி என்றால் முறுக்கு, மணை என்றால் தாழ்வான இருக்கை. இந்தச் சொல்லுக்குக் கடல் தாண்டி வரவேண்டிய தேவை இருக்கவில்லை. அதன் வேலையையும் கவனிக்க வேண்டும். அடியை அகலமாக்குகிறது, மேடுபள்ளமான தரையில் தானே பதிந்துகொள்கிறது, சிந்தினால் உறிஞ்சிக்கொள்கிறது. மை அடிமட்டத்துக்குப் போனதும் புட்டியைச் சாய்த்து வைத்தால் சாய்ந்தபடியே பிடித்துக்கொள்ளும். பேனாமுனை கடைசிச் சொட்டு வரைக்கும் எட்டும். இந்தக் கடைசிச் சொட்டுப் பிரச்சினைக்காக வெளிநாட்டு நிறுவனங்கள் தனிப் புட்டியே செய்தன. ஷீஃபர் தன் புட்டியின் வாய்க்குப் பக்கத்தில் உள்ளேயே ஒரு சின்னத் தொட்டி வைத்தது. வாட்டர்மேன் சாய்த்துக் கிடத்தக்கூடிய பட்டைப் புட்டி செய்தது. அவை எல்லாம் புகழப்படுகின்றன. என் அம்மா செய்தது கந்தல்.

4

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வந்த தன் நூலில் இரண்டு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார். ஒருவன் பொறியாளன், திட்டம் போட்டு, அதற்கு வேண்டிய பொருளைத் தேடிப் பெறுகிறவன். இன்னொருவன் கைக்குக் கிடைத்த மிச்சசொச்சத்தை வைத்து ஒப்பேற்றுகிறவன். 1966இல் தெரிதா இதற்குப் பதில் சொன்னார்: எல்லாவற்றையும் தானே புதிதாகப் படைக்கும் பொறியாளன் என்பதே ஒரு கட்டுக்கதை, எல்லாரும் கிடைத்ததை வைத்துத்தான் செய்கிறார்கள். வாக்குச்சாவடி மணல் கிண்ணம் தெரிதா பக்கம் சாட்சி சொல்லும்.

ஆனால் இரண்டு பேர் சொன்னதிலும் எங்கள் வீட்டுச் சங்கதி அடங்கவில்லை. ‘கைக்குக் கிடைத்தது’ என்று சொல்லும்போது, கிடைத்தவை எல்லாம் ஒரே தராசில் சமமாகக் கிடப்பது போல ஒரு தோற்றம் வருகிறது. சிரட்டையும் கிடைத்ததுதான், சேலைக் கிழிசலும் கிடைத்ததுதான். மண் நிரப்பிய சிரட்டை கனமானது, உறுதியானது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் துணியைவிட ஒரு மாற்று மேல். அதைத்தான் அப்பா வேண்டாம் என்றார். கிடைத்த பொருளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகம் ஜாதியின் ஞாபகம். மிச்சசொச்சத்திலிருந்தும் ஒன்றை மறுக்கிற உரிமை உண்டு என்று காட்டியதுதான், என்னைப் பொறுத்தவரை, அன்றைக்கு நடந்த அரசியல்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது அப்பாவின் கதையாக மட்டும் ஆகிவிடும். மறுத்தவர் அப்பா, செய்து முடித்தவள் அம்மா. தண்ணீர்ப் பானையைத் தலையில் சுமக்கும் சும்மாடும், இறக்கி வைக்கும் பிரிமணையும் பெண்களின் அறிவு. எழுத்தறிவு இயக்கங்களின் அறிக்கையில் அவள் ‘எழுத்தறிவற்றவர்’ என்ற கட்டத்தில் ஓர் எண். அந்த எண்ணுக்குரியவளின் கைதான் என் எழுத்து சிந்திப்போகாமல் பார்த்துக்கொண்டது. எழுத்தறிவு எழுத்தறிவற்றவர்களின் மேல் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது அப்படியே நேர்ப்பொருளில் நடந்தது.

5

சமீபத்தில் மைப்பேனா மீண்டும் ஒரு பிரியமாகத் திரும்பியிருக்கிறது. நண்பர் ஒருவர் மாதிரி மைகளைச் சேகரிக்கிறார். ஒவ்வொன்றும் 2 மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய். இவ்வளவு சின்னது எப்படித் தானாக நிற்கும்? ஒரு தேக்குத் துண்டில் வரிசையாகத் துளை போட்டு அவரே தாங்கி செய்திருக்கிறார். அழகாகவே இருக்கிறது. அவரைப் பரிகசிக்க நான் இதை எழுதவில்லை. மரத்தைத் தொட்டு ஒன்றைச் செய்வதில் இருக்கும் சந்தோஷம் உண்மையானது. ஒரே பொருளை இரண்டு மொழிகளில் பேசுகிறோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அவர் செய்தால் கைவினை, ரசனை. அம்மா செய்தால் இல்லாமை. இல்லாதவர்கள் செய்ததிலும் கணிப்பும் தேர்வும் மறுப்பும் இருந்தன என்று ஒத்துக்கொள்ளாத வரைக்கும், இல்லாதவர்களின் ‘சாமர்த்தியத்தை’ப் புகழ்வதுகூட மேசையில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்க்கிற பார்வைதான்.

பத்தாம் வகுப்பில் நான் பந்துமுனைப் பேனாவுக்கு மாறினேன். பிரிமணையை அம்மா எடுத்துப் போய் ஊறுகாய் ஜாடிக்கு வைத்தாள். நீலக்கறை கொஞ்ச நாள் தெரிந்தது, பிறகு எண்ணெய்க்கறையில் மறைந்துவிட்டது. எந்த அருங்காட்சியகமும் அதைக் கேட்டிருக்காது. எழுத்தாணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது, தலைவர்களின் பேனாக்கள் இருக்கின்றன. தகர டப்பா, களிமண் உருண்டை, துணிப் பிரிமணை எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரைக்கு நான் முடிவுரை எழுதப்போவதில்லை. உங்கள் வீடுகளிலும் மைப்புட்டி ஏதோ ஒன்றில் நின்றிருக்கும். எதில் நின்றது, அதை யார் செய்தார்கள், எதை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்பதை எழுதுங்கள். செய்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். என் அம்மாவிடம் போன மாதம் கேட்டேன். “அது ஒரு பெரிய விசயமா?” என்றாள். கொஞ்சம் கழித்து அவளாகவே, “அந்தச் சேல மஞ்சக்கலரு” என்றாள்.