மிலான் மாநகரத் தேர்தல், 2011

மிலான் மாநகரத் தேர்தல், 2011 என்பது இத்தாலி நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான மிலானின் மாநகர முதல்வரையும் (மேயர்) 48 மாநகர அவை உறுப்பினர்களையும் தேர்ந்தெடுப்பதற்காக 2011 ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெற்ற தேர்தல் ஆகும். முதற்சுற்று வாக்குப்பதிவு மே 15, 16 ஆகிய நாட்களிலும், இரண்டாம் சுற்று மே 29, 30 ஆகிய நாட்களிலும் நடைபெற்றது. நடு-இடதுசாரிக் கூட்டணியின் வேட்பாளர் ஜூலியானோ பிசாப்பியா, அப்போது பதவியிலிருந்த லெட்டீசியா மொராட்டியைத் தோற்கடித்தார். 1993 முதல் தொடர்ந்து வலதுசாரிகளின் கையிலிருந்த மாநகராட்சி இத்தேர்தலால் கைமாறியது.

பின்னணி

மிலான் இத்தாலியின் வணிக, நிதித் தலைநகராகக் கருதப்படுகின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில் நெடுங்காலம் சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர்களே இதன் முதல்வர்களாக இருந்தனர். 1992 இல் இந்நகரிலேயே தொடங்கிய கையூட்டு வழக்குகள் நாட்டின் பழைய கட்சிகளைச் சிதைத்தன. அதன் பின்னர் 1993 இல் லேகா நோர்ட் கட்சியின் மார்க்கோ பார்மெந்தினியும், 1997 இல் நடு-வலதுசாரிக் கூட்டணியின் கபிரியேலே அல்பெர்த்தினியும் முதல்வராயினர்.

2006 தேர்தலில் மொராட்டி முதற்சுற்றிலேயே ஏறத்தாழ 52% வாக்குகளுடன் வென்று, மிலானின் முதல் பெண் மாநகர முதல்வரானார். இவர் அதற்கு முன் 2001 முதல் 2006 வரை இத்தாலியின் கல்வி அமைச்சராக இருந்தவர். இவரது பதவிக்காலத்தில், 2008 ஆம் ஆண்டு, எக்ஸ்போ 2015 உலகக் கண்காட்சியை நடத்தும் உரிமையை மிலான் பெற்றது. அதே ஆண்டில் நகர மையத்தினுள் நுழையும் புகைமிகு வாகனங்களுக்கு "எக்கோபாஸ்" என்னும் கட்டணமும் அறிமுகமானது.

மிலான் அப்போதைய பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனியின் சொந்த நகரும் ஆகும். அவர் தமது விடுதலை மக்கள் கட்சியின் மாநகர அவை வேட்பாளர் பட்டியலில் தாமே முதலிடத்தில் நின்றார். இதனால் ஓர் உள்ளூர்த் தேர்தல் அவர் மீதான பொதுவாக்கெடுப்பாகவும் மாறியது.

தேர்தல் முறை

1993 ஆம் ஆண்டின் 81 ஆம் எண் சட்டத்திற்கு முன்பு இத்தாலியில் மாநகர முதல்வரை அவை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். இச்சட்டத்தின்படி வாக்காளர்கள் முதல்வரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 15,000 க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பின்வரும் விதிகள் பொருந்தும்:

* முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடில், முதலிரு இடங்களைப் பெற்றவர்கள் இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் போட்டியிடுவர்.
* வாக்காளர் ஒரு முதல்வர் வேட்பாளருக்கும், அவரை ஆதரிக்காத வேறொரு கட்சிப் பட்டியலுக்கும் பிரித்து வாக்களிக்கலாம்.
* இரண்டாம் சுற்றில் வெல்பவரை ஆதரித்த பட்டியல்களுக்குப் பொதுவாக அவையின் 60% இடங்கள் அளிக்கப்படும். எஞ்சியவை மற்றவர்களுக்கு வாக்கு விகிதப்படி பகிரப்படும்.

இதன் விளைவாக முதல்வருக்கு அவையில் உறுதியான பெரும்பான்மை கிடைக்கின்றது. மிலான் அவையின் இடங்கள் இத்தேர்தலில் 60 இலிருந்து 48 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன.

வேட்பாளர்கள்

நடு-இடதுசாரிக் கூட்டணி தன் வேட்பாளரை 2010 நவம்பர் 14 இல் நடத்திய முன்தேர்தல் மூலம் தெரிவு செய்தது. இதில் 67,000 க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். கூட்டணியின் பெரிய கட்சியான சனநாயகக் கட்சி கட்டடக் கலைஞர் ஸ்டெபானோ போவேரியை ஆதரித்தது. எனினும் வழக்கறிஞரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான பிசாப்பியா ஏறத்தாழ 45% வாக்குகள் பெற்று வென்றார். போவேரி 40% பெற்றார். அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் வலேரியோ ஓனிடா மூன்றாமிடம் பெற்றார்.

நடுநிலைக் கட்சிகளின் சார்பில் மான்பிரெடி பல்மேரியும், நகைச்சுவைக் கலைஞர் பெப்பே கிரில்லோ நிறுவிய ஐந்து விண்மீன் இயக்கத்தின் சார்பில் மத்தியா கலீசேயும் போட்டியிட்டனர்.

பரப்புரை

முதற்சுற்றுக்குச் சில நாட்களுக்கு முன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தின் இறுதிப் பேச்சில், பிசாப்பியா இளமைக்காலத்தில் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் பொதுமன்னிப்பால் தப்பியவர் என்று மொராட்டி குற்றஞ்சாட்டினார். உண்மையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிசாப்பியாவைக் குற்றமற்றவர் என விடுவித்திருந்தது. இறுதிப் பேச்சு மொராட்டியுடையதாகையால் பிசாப்பியாவுக்கு அவ்விடத்தில் மறுமொழி கூற வாய்ப்பில்லை. இந்நிகழ்வு மொராட்டிக்கே பாதகமாக முடிந்ததாகப் பலரும் கருதினர்.

இரண்டாம் சுற்றுக்கு முன், பிசாப்பியா வென்றால் நகரில் பள்ளிவாசல் எழும், ரோமா மக்களின் குடியிருப்புகள் பெருகும் என வலதுசாரிகள் எச்சரித்தனர். அவருடைய ஆதரவாளர்கள் இணையத்தில் இதனை நகைச்சுவையால் எதிர்கொண்டனர். "சுகாத்தே" என்னும் இல்லாத பகுதியில் கட்டப்படும் பள்ளிவாசலைப் பற்றி ஒருவர் டுவிட்டரில் கேலியாக வினவ, மொராட்டியின் கணக்கை நடத்தியவர்கள் அதனை உண்மையென நம்பி விடையளித்தனர். செம்மஞ்சள் நிறம் பிசாப்பியா பரப்புரையின் அடையாளமாக விளங்கியது.

முடிவுகள்

முதற்சுற்று:

* ஜூலியானோ பிசாப்பியா – 315,862 வாக்குகள் (48.0%)
* லெட்டீசியா மொராட்டி – 273,401 வாக்குகள் (41.6%)
* மான்பிரெடி பல்மேரி – 5.5%
* மத்தியா கலீசே – 3.2%
* ஏனையோர் – 1.6%

இரண்டாம் சுற்று:

* ஜூலியானோ பிசாப்பியா – 365,657 வாக்குகள் (55.1%)
* லெட்டீசியா மொராட்டி – 297,874 வாக்குகள் (44.9%)

இரு சுற்றுகளிலும் ஏறத்தாழ 67% வாக்காளர்கள் வாக்களித்தனர். வென்ற கூட்டணிக்கு அவையில் 29 இடங்களும், மற்றவர்களுக்கு 19 இடங்களும் கிடைத்தன. 2006 இல் ஏறத்தாழ 53,000 விருப்ப வாக்குகளைப் பெற்றிருந்த பெர்லுஸ்கோனிக்கு இம்முறை ஏறத்தாழ 28,000 மட்டுமே கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

பின்விளைவுகள்

பிசாப்பியா அமைத்த நிருவாகக் குழுவில் சரிபாதியினர் பெண்கள். 2012 சனவரியில் எக்கோபாஸ் திட்டத்திற்கு மாற்றாக, பெரும்பாலான வாகனங்களுக்கும் நுழைவுக் கட்டணம் விதிக்கும் "ஏரியா சி" நடைமுறைக்கு வந்தது. மொராட்டி காலத்தில் பெறப்பட்ட எக்ஸ்போ 2015 கண்காட்சி பிசாப்பியா காலத்தில் நடந்தேறியது.

தேசிய அளவில் இத்தோல்வி பெர்லுஸ்கோனியின் செல்வாக்குச் சரிவின் அறிகுறியாகப் பார்க்கப்பட்டது. கடன் நெருக்கடி முற்றிய நிலையில் அவர் 2011 நவம்பரில் பிரதமர் பதவியிலிருந்து விலகினார்.

பிசாப்பியா 2016 இல் மீண்டும் போட்டியிடவில்லை. எக்ஸ்போவின் தலைமை நிருவாகியாக இருந்த ஜூசெப்பே சாலா நடு-இடதுசாரிகளின் சார்பில் அத்தேர்தலில் வென்றார். 2021 இல் அவர் முதற்சுற்றிலேயே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.