கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கிறவங்ககிட்ட "இஞ்சின் ஆயில் எப்ப மாத்தினீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, தேதியோட பதில் வரும். "கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினீங்க?"ன்னு கேட்டா, "அதுலயும் ஆயில் இருக்கா?"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க. இப்படி ஒரு சமாச்சாரமே நமக்கு மறந்து போனதுக்குப் பின்னாடி 80 வருஷத்துக்கு மேலான கதை ஒண்ணு இருக்கு. அதுல திமிங்கலமும் வருது :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1939-ல ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரமாட்டிக்'ன்னு ஒரு கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தினாங்க. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல 57 டாலர் கூடக் கொடுத்தா அது கிடைக்கும். கிளட்ச் பெடலே கிடையாது, நாலு கியரும் தானா மாறும். பெரிய அளவுல வித்த முதல் முழு ஆட்டோமேட்டிக் இதுதான். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. கார் தயாரிப்பு நின்னுபோனாலும் இந்த கியர்பாக்ஸ் நிற்கலை. அமெரிக்க ராணுவத்தோட எம்5 டாங்கிக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. போர் முடிஞ்சதும், டாங்கியிலயே தாக்குப்பிடிச்ச கியர்பாக்ஸ்னு சொல்லி விளம்பரம் பண்ணி வித்தாங்க. 1950கள்ல ரோல்ஸ் ராய்ஸ்காரங்களே உரிமம் வாங்கி இதைப் பொருத்தினாங்கன்னா பாத்துக்கோங்க.

இந்தப் பெட்டிக்குள்ள ஆயிலுக்கு என்ன வேலை? மேனுவல் வண்டியில கியர் ஆயில் பல்சக்கரம் தேயாம பாத்துக்கும், அவ்வளவுதான். இங்க அப்படி இல்லை. இஞ்சினோட சுழற்சியைச் சக்கரத்துப் பக்கம் கடத்தறது ஆயில். கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற கை மாதிரி இருக்கறதும் ஆயில். சூட்டை வெளியே கொண்டுபோறதும் அதேதான். இதுல ஒரு தர்மசங்கடம் வேற. ஆயில்னா வழுக்கணும். ஆனா அந்த ஆயில்லயே முங்கிக் கிடக்கிற கிளட்ச் தட்டு வழுக்காம பிடிக்கணும். பிடிக்கும்போது வண்டி வெட்டி இழுக்கவும் கூடாது. வழுக்கணும், ஆனா வழுக்கக் கூடாது!

இதுக்குத்தான் திமிங்கலம் வந்தது. ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய், பேருக்குத்தான் எண்ணெய். ரசாயனப்படி அது திரவ நிலையில இருக்கிற ஒரு மெழுகு. சூட்டைத் தாங்கும், கிளட்சை நைசா பிடிக்க வைக்கும். நம்ம கடலோர மாவட்டங்கள்ல அடிக்கடி பிடிபடுதே அம்பர்கிரிஸ், அதைத் தர்ற அதே திமிங்கலம்தான். 1949-ல ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 'டைப் ஏ' ஆயில்லயும், 1967-ல வந்த டெக்ஸ்ரான்லயும் இந்த எண்ணெய் ஒரு சேர்மானம்.

1970-ல அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் பட்டியல்ல சேர்த்தது. திமிங்கலத்துக்கு நல்ல சேதி, கியர்பாக்ஸுக்குத் தலைவலி. மாற்றுச் சரக்கு போட்டு வந்த டெக்ஸ்ரான் 2-வோட ஆரம்ப வடிவம் கூலர்ல இருக்கிற பற்றவைப்பை அரிக்க ஆரம்பிச்சது. அதைத் திருத்தி மறுபடியும் விடவேண்டியதாச்சு. ஆயிலோட சேர்மானம் கொஞ்சம் மாறினாலும் பெட்டி எதிர்வினை காட்டும்னு உலகத்துக்கே பாடம் ஆச்சு. "புது ஆயில் ஊத்தினா கியர்பாக்ஸ் போயிடும்"ங்கிற பயத்துக்கு இந்த மாதிரி அனுபவமும் ஒரு விதை போட்டிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். பழைய அமெரிக்க வண்டிகள் பலதுல டார்க் கன்வர்ட்டருக்கே தனியா ஒரு டிரெய்ன் போல்ட் இருக்கும். பழைய ஆயிலை மொத்தமா இறக்கிடலாம். காலப்போக்குல அந்த போல்ட் காணாமப் போச்சு. பின்னாடி டிப்ஸ்டிக்கும் போச்சு. 1990கள்ல சில ஐரோப்பியக் கம்பெனிகள் 'ஆயுளுக்கும் ஒரே ஆயில்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. யாரோட ஆயுள்? அதைத்தான் யாரும் தெளிவாச் சொல்லலை. 1996-ல வந்த அஞ்சு கியர் பெட்டிக்கு மெர்சிடஸும் அப்படித்தான் சொன்னாங்க, பிற்பாடு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. பல ஐரோப்பிய வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் செஞ்சு தர்ற இசட்.எஃப் கம்பெனி சொல்ற கணக்கு 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லைன்னா அதிகபட்சம் எட்டு வருஷம். வண்டி விக்கிறவர் வேணாங்கறார், பெட்டி செஞ்சவர் மாத்தணுங்கறார். நீங்க யாரை நம்புவீங்க?

இதெல்லாம் நான் தோண்டினதுக்குக் காரணம் தங்கச்சி மாப்பிள்ளை. 12 வயசு ஐரோப்பிய வண்டி ஒண்ணை, புது சின்ன கார் விலையை விடக் கம்மிக்கு வாங்கிட்டு வந்து நிறுத்தினார். ஓடினது 1,30,000 கி.மீ. இசட்.எஃப் பெட்டி. ஆயில் மாத்தினதா ஒரு துண்டு ரசீது கிடையாது. பெட்டி போச்சுன்னா ரிப்பேர் செலவு வண்டி வாங்கின காசுல பாதியை முழுங்கிடும். "மச்சான், மாத்தறதா விடறதா?"ன்னு கேட்டார்.

கம்பெனி சர்வீஸ்ல விசாரிச்சோம். "லைஃப்டைம் ஃபில் சார், திறக்கவே வேணாம்"னாங்க. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன், "இத்தனை வருஷம் தொடாததை இப்ப தொட்டா புட்டுக்கும் தம்பி"ன்னார். ரெண்டு பேரும் சொல்றது ஒரே முடிவு, காரணம் மட்டும் நேரெதிர்!

அண்ணன் சொல்றதுல விஷயம் இல்லாம இல்லை. தட்டுகள் ரொம்பத் தேஞ்ச பெட்டியில, தேஞ்ச துகள் எல்லாம் பழைய ஆயில்ல மிதந்துக்கிட்டு கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கிட்டு இருக்கும்பாங்க. மெஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணா, ஓரமா ஒதுங்கிக் கிடந்த கசடு கிளம்பி வால்வுகளோட நுணுக்கமான வழியில போய் அடைக்கலாம். ஆனா பாதி கதை வேற. வண்டி நல்லா ஓடறப்ப யாரும் இந்த ஆயிலைப் பத்தி யோசிக்கறதில்லை. கியர் வழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் மாத்தறாங்க. அப்புறம் பெட்டி போனா பழி புது ஆயில் மேல. கடைசி நேரத்துல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு, டாக்டர் தொட்டதும் போயிட்டார்னு சொல்ற கதைதான்.

அதனால கேள்வியைக் கொஞ்சம் மாத்திக்கிட்டோம். ஆயிலை மாத்தலாமான்னு கேக்கறதை விட்டுட்டு, பெட்டி இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு பாத்தோம். ஓட்டிப் பாத்தா வழுக்கல் இல்லை. ரிவர்ஸ் போட்டா தாமதம் இல்லை. கொஞ்சம் ஆயில் இறக்கிப் பாத்தோம். நல்ல காபி டிக்காஷன் நிறம், ஆனா கருகின வாடை வரலை. இதுவே கருகல் நாத்தம் அடிச்சு, கியரும் வழுக்கியிருந்தா "அப்படியே ஓட்டுங்க மாப்ள, ரிப்பேருக்குக் காசு சேர்த்து வைங்க"ன்னு சொல்லியிருப்பேன்.

முடிவு: மாத்தறது, ஆனா ஃப்ளஷ் கிடையாது. கீழ சம்ப்பைக் கழட்டினோம். இந்தப் பெட்டியில ஃபில்டரும் சம்ப்பும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். உள்ள இருந்த காந்தங்கள்ல மாவு மாதிரி சாம்பல் நிறப் பசை. அது சாதாரணத் தேய்மானம்தான். இரும்புச் சில்லு எதுவும் இல்லை. அப்பதான் மாப்பிள்ளை முகத்துல ரத்தமே வந்தது.

பெட்டியில மொத்தம் ஒம்பது லிட்டர்னா அஞ்சு லிட்டர் மட்டும்தான் கீழ வரும். மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளயே நின்னுக்கும். அதனால ஆயிரம் கி.மீ. ஓட்டிட்டு இன்னொரு தடவை அஞ்சு லிட்டர் இறக்கி ஊத்தினோம். கணக்குப் போட்டா பழசு இப்ப ரெண்டு லிட்டருக்கும் கம்மி. ஒரே நாள்ல அதிர்ச்சி கொடுக்காம ரெண்டு தவணையா மாத்தின மாதிரியும் ஆச்சு. ஊத்தினது பெட்டி செஞ்ச கம்பெனி சொன்ன அதே ரக ஆயில். திமிங்கலக் கதை படிச்ச பிறகு இதுல சிக்கனம் பாக்க மனசு வரலை. டிப்ஸ்டிக் இல்லாததால அளவு பாக்கறதுதான் கொஞ்சம் வேலை. இஞ்சின் ஓடணும், ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும், அப்ப பக்கவாட்டு ஓட்டையில ஆயில் லேசா வழியணும். இதைச் சரியாச் செய்யாமலும் நிறைய பெட்டி போகுது, அந்தப் பழியும் புது ஆயில் தலையிலதான் விழும்.

நாலாயிரம் கி.மீ. ஓடியாச்சு, கியர் வெண்ணெய் மாதிரி மாறுது. பெட்டியோட ஆயுசு இதனால கூடிச்சான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. கூடலைன்னும் நிரூபிக்க முடியாது. ஆனா பன்னிரண்டு வருஷமா யாரும் எட்டிப் பாக்காத இடத்துல என்ன இருக்குன்னு இப்ப தெரியும். பழைய ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிற மக்களே, மாத்தறீங்களோ இல்லையோ, முதல்ல ஒரு சொட்டு இறக்கி நிறத்தைப் பாருங்க, மோந்து பாருங்க. உங்க அனுபவம் வேற மாதிரின்னா அதையும் சொல்லிட்டுப் போங்க.