கவணும் கெற்றப்போலும்

ஒக்லாந்தில் வளரும் எங்கள் பிள்ளைகள் இறப்பர் பூட்டிய கவர்த்தடிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், 'கவண்' என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. சங்க இலக்கியத்திலேயே இருக்கிறதாம் என்ற பெருமிதமும் கூடவே வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. கவண் வேறு, உண்டைவில் வேறு, யாழ்ப்பாணத்தில் நாங்கள் கெற்றப்போல் என்று சொன்ன சாமான் வேறு. மூன்றையும் ஒன்றாக்கும்போது, அந்த மூன்றாவதற்கு உழைத்த சிலர் கதையிலிருந்து விழுந்துபோகிறார்கள்.

கவண் என்பது கயிறு. நடுவிலே கல் வைக்க ஒரு சிறு தொட்டில், இரண்டு பக்கமும் நீண்ட நார். தலைக்கு மேலே சுழற்றி ஒரு முனையை விட்டுவிட்டால் கல் பறக்கும். குறிஞ்சிநிலத்துத் தினைப்புனத்திலே கிளியையும் பன்றியையும் யானையையும் துரத்த அது உதவியது. வெறும் ஓசையால் கிளி கடியும் கருவிகளும் இருந்தன. தழல், தட்டை, குளிர் என்ற பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டிலே காணலாம். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை அடுக்கும்போது கல் எறியும் கவணையும் சொல்கிறது. ஆங்கிலத்தின் கற்றபோல்ட் என்ற சொல்லும் இப்படித்தான் கோட்டை உடைக்கும் பெரும்பொறியில் தொடங்கிச் சிறுவனின் காற்சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது. இந்த ஒற்றுமை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்டைவில் என்பது வில்லேதான். அம்புக்குப் பதிலாகக் களிமண் உண்டை, அதை ஏந்த நாணிலே ஒரு சிறு இருக்கை. கம்பராமாயணத்தில் கூனி மனத்திலே வைத்திருக்கும் பழைய வன்மம் இந்த உண்டையால் வந்தது. சிறுவனாய் இருந்த இராமன் அடித்த உண்டை அவள் முதுகிலே பட்டது. ஒரு பிள்ளை விளையாட்டு, பிறகு பதினான்கு வருட வனவாசம்!

இந்த இரண்டிலும் இறப்பர் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது. பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகத்தோடு சூடாக்கினால் அது நிலைத்த இழுவை பெறுகிறது என்பதைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டுகொண்டார். 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகுதான் சிறுவர்களின் கெற்றப்போல். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு 70,000 இறப்பர் விதைகள் வரை கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 1,900 அந்த ஆண்டே இலங்கைக்குக் கப்பலேறி, கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லப் காற்றடைத்த சைக்கிள் ரயருக்குக் காப்புரிமை பெற்றார். யாழ்ப்பாணத்தானின் வாகனம் சைக்கிள் என்றான பிறகு, ஒட்டுப்போட முடியாத பழைய ரியூப் வீட்டுக்கு வீடு தொங்கியது. கெற்றப்போல் பிறக்க அதுவே போதும்.

கவருக்குக் கொய்யாதான் சிறந்தது என்போம். கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்து மரம். பெயர் ஆங்கிலம், இறப்பர் அமேசன், தடி அமெரிக்கா. எங்கள் ஊரில் உண்மையாகவே எங்களுடையது என்று சொல்ல, குளத்துக் களிமண் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இறப்பர்ப் பாலை வெட்டியவர் யார்? இலங்கையின் தோட்டங்களில் சிங்களத் தொழிலாளரோடு தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரும் வெட்டினார்கள். மலாயாவிலே அந்த மரத்துக்குப் பால்மரம் என்று பெயரே தமிழர் வைத்தார்கள். அதே மலாயாவுக்கு எங்கள் யாழ்ப்பாணத்தாரும் போனார்கள், ஆனால் கிளாக்கராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும். பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். விடியுமுன் எழும்பி மரத்தைக் கீறி வாளியில் பால் சேர்த்தவர்களுக்கு அப்படியொரு திரும்புதல் வாய்க்கவில்லை. இலங்கையிலோ 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் கேள்வியிலே தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. வடக்கிலே சிறுவர் நாங்கள் குருவிக்குக் குறிவைத்து இழுத்த இறப்பரில் இந்த உழைப்பும் இருந்தது. கவண் என்று சொல்லிச் சங்ககாலத்துக்குத் தாவும்போது இந்த நூறு வருடங்களையும் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறோம்.

இனிச் செய்முறை. இதை எழுதிவைக்கக்கூட ஆள் குறைந்துவருகிறது.

கவர் இரண்டு கிளையும் ஒரே பருமனாக இருக்கவேண்டும். வெட்டின பச்சைத்தடியின் பட்டையை உரித்து, நுனிகளை ஒன்றையொன்று நெருங்கக் கயிற்றால் கட்டி, நிழலிலே காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். கொய்யா இல்லாவிட்டால் நாவல். ரியூப் பழைய இயற்கை இறப்பராக இருக்கவேண்டும். 1930களின் கடைசியில் வந்த பியூட்டைல் என்ற செயற்கை இறப்பரில் செய்த ரியூப் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் இழுத்துவிட்டால் சோம்பேறியாகத் திரும்பும். கடையில் பெயர் பார்த்து வாங்குவதைவிட, ஒரு துண்டை இழுத்துச் சடக்கென்று திரும்புகிறதா என்று பார்ப்பதே மேல். ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம், இரண்டும் சமனாக. சமன் பிசகினால் கல் ஒரு பக்கம் ஓடும். விளிம்பிலே கத்தி பட்ட சிறு வெட்டு இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அறுகிற இறப்பர் திரும்பி வருவது கண்ணுக்கு. கல் வைக்கும் தோலுக்குப் பழைய சப்பாத்தின் நாக்கை மிஞ்ச ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கூரும் மூலையுமாக உடையும். அடித்தால் வளைந்து போகும். வன்னியில் கிறவல் உண்டு, பொறுக்கினால் உருண்டையானவை அகப்படும். குடாநாட்டில் களிமண்ணை உருட்டிக் காயவைப்பதே வழி. இங்கேதான் உண்டைவில்லின் எச்சம் எங்களிடம் தங்கியிருந்தது.

முதற்குறி பத்து எட்டுத் தூரத்தில் ஒரு பால்ரின். கவர் பிடித்த கை நீண்டு அசையாமல் நிற்க, தோலை ஒவ்வொரு முறையும் கன்னத்தின் அதே இடத்துக்கு இழுக்கவேண்டும். இழுக்கும் இடம் மாறினால் கல்லும் இடம் மாறும். எனக்குப் பழக்கின அண்ணை அதிகம் பேசமாட்டார். "கல்லைப் பாராதை, குறியைப் பார்," அவ்வளவுதான். விடுகிற விரல் உதறாமல் திறக்கவேண்டும். உதறினால் கல் கவரிலோ பெருவிரலிலோ அடிக்கும். வேலியில் இருந்த ஓணான் முதல் செண்பகம் வரை அதன் பின் நாங்கள் செய்தவை பெருமைக்குரியவை அல்ல.

நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கு 'சங்காய்' என்று பெயர். சீனத்துத் துறைமுகத்தோடு இதற்குத் தொடர்பில்லை. ஸ்கொட்லாந்துப் பேச்சில் பிளந்த கொம்பைக் குறிக்கும் 'சங்கன்' என்ற சொல் குடியேறிகளோடு வந்து இப்படித் திரிந்தது என்கிறார்கள். தமிழகத்தார் 'கவட்டை' என்பதும் அந்தப் பிளந்த கொம்பைத்தானே! கவண் என்பதைவிடக் கவட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பொருத்தம். கெற்றப்போல் என்றே சொன்னாலும் நட்டமில்லை.

கவருக்கு இங்கும் பஞ்சமில்லை. வீட்டுவேலிகளில் நிற்கும் பீஜோவாவும் பற்றையாய் வளரும் மானுக்காவும் கொய்யா, நாவல் குடும்பத்தவைதான். மானுக்கா நல்ல வைரம். கல்லுக்குத்தான் பஞ்சம். நான் வேலைசெய்யும் விரி எரிமலை நிலம். மாவோரி மக்கள் மத்துக்குத்துருரு என்று பெயரிட்ட அங்குள்ள குன்றை ரயில் பாதைக்குச் சல்லியாக வெட்டித் தின்றுவிட்டார்கள். எஞ்சிய சிவந்த கல் துவாரம் துவாரமாய், பாரமில்லாமல் இருக்கும். பத்து எட்டுக்கு அப்பால் காற்றே அதைத் திருப்பிவிடும்.

1953ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் கெரெரூ என்ற பெரிய புறா உட்பட இந்நாட்டுக்கே உரிய பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பளித்தது. 1870களில் குடியேறிகள் கொண்டுவந்துவிட்ட மைனாவை அது பாதுகாப்பற்ற பட்டியலில் வைத்தது. விரிப் பண்டகசாலைக் கூரைகளில் அவை கூட்டமாய் இருந்து ஊரில் கேட்ட அதே குரலில் கத்துகின்றன. பிள்ளைகளை நான் பால்ரின்னுக்கு மட்டும்தான் பழக்குகிறேன்.