ஆதுலர் சாலையும் கல்விச்சாலையும்

மாணவனுக்கு ஆசிரியரும் ஏடும் இருந்தால் போதும் என்று முற்காலத்துப் பெருங்கல்விச்சாலைகளை நிறுவியோர் எண்ணவில்லை. அவன் நோயுற்றால் யாரிடம் செல்வான் என்பதையும் உடன் எண்ணினர். இதற்கு இரு சான்றுகளைக் காண்போம்.

முதற்சான்று தமிழகத்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று அங்கிருந்த கல்லூரியையும் மாணவர் விடுதியையும் கூறுகிறது. அவற்றுடன் 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையும் இருந்தது. ஆதுலர் என்போர் நோயாளர். மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருக்கு அறக்கொடையிலிருந்து ஊதியம் வழங்கப்பட்டது.

மற்றது பக்தாதில் கலீஃபா முஸ்தன்ஸிர் எழுப்பி, ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறந்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸா. நான்கு மத்ஹபுகளும் போதிக்கப்பட்ட அங்கே மாணவருக்கு உணவும் உதவித்தொகையும் கிடைத்தன, மருத்துவரும் அமர்த்தப்பட்டிருந்தார். செலவுகளை வக்ஃபுச் சொத்துகள் தாங்கின.

இவ்விரு இடங்களிலும் மாணவன் உதவியைத் தேடி அலையவில்லை. உதவி அவனருகே வைக்கப்பட்டிருந்தது.

இன்று நம் திருச்சிக்கு வருவோம். 1951இல் ஜமால் முகம்மது கல்லூரியும், 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தோன்றின. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் இங்கு வந்து பயில்கின்றனர். திருவானைக்காவலிலும் திருவரங்கத்திலும் அறையெடுத்துத் தங்கி, காவிரிப் பாலம் கடந்து கல்லூரி செல்வோரையும் காண்கிறோம். அவர்களுக்கு உதவிகள் இல்லாமலில்லை. அரசு மருத்துவமனை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆயினும், காய்ச்சலென்றால் உடனே சொல்லும் பிள்ளை மனச்சோர்வைச் சொல்ல நாணுகிறான், பணமுடையை மறைக்கிறான். உதவி இருப்பது வேறு, அது அவனைச் சென்றடைவது வேறு. இடையிலுள்ள அச்சிறு தொலைவில் இளம் உயிர்கள் மடிவதும் உண்டு.

இதனையுணர்ந்தே உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கல்வி நிறுவனங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. 100 மாணவருக்குக் குறையாத நிறுவனம் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனம் வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் எழுதி வைக்க வேண்டும்.

கல்லூரியில் சேர்க்கும் நாளில் கட்டணத்தையும் விடுதி உணவையும் விசாரிக்கிறோம். 'என் பிள்ளை மனமுடைந்தால் இங்கே யாரிடம் செல்வான்?' என்று கேட்கிறோமா? அக்கேள்வியைப் பெற்றோர் கேட்கட்டும். விடை கூறக் கல்லூரிகள் ஆயத்தமாகட்டும்.