கண்காணி, கங்காணி, தலைவர்

அருவிக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயரையே தன் பெயராகக் கொண்ட எல்லயிலிருந்து, தெமோதரை வழியே பதுளை வரை விரியும் தேயிலை மலைகளில், தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்கள்தோறும் நினைவில் நிற்கும் சொல் ஒன்று உண்டு: கங்காணி. சொற்சுவை அறிந்த நண்பரே, அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

கண்ணும் காண்டலும் கூடிக் ‘கண்காண்’ என நின்று, வினைமுதலை உணர்த்தும் இகரம் ஏற்றுக் ‘கண்காணி’ ஆயிற்று. பின்வரும் ககரத்துக்கு இனமாகி ணகரம் ஙகரமாக நெகிழ்ந்தது பேச்சுவழக்கு; இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நுனிநாவின் வேலையை முதல்நா ஏற்றுக்கொள்வது தெரியும். இதிலுள்ள காணி, நிலத்தைக் குறிக்கும் காணி அன்று. ஈழத்தமிழில் நிலத்துக்குரிய காணி அன்றாடச் சொல். அந்தக் காணியைத்தான் மலையகத் தமிழர் இன்றும் கேட்டு நிற்கிறார்கள்.

சொல்லின் பிறப்பில் இழிவு இல்லை. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. கள்ளம் ஒளிக்க இடமின்றி எங்கும் காணும் இறைவனைத் திருமூலர் கண்காணி என்றார். சபையாகிய மந்தையைப் பேணுவோருக்குத் தமிழ் விவிலியம் அதே பெயரைத் தந்தது. காவலும் பேணலும் ஒரு சொல்லுக்குள் இணங்கியிருந்தன.

அந்த இணக்கத்தைக் குலைத்தது தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்து ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள்கட்டி வந்த பெரிய கங்காணி, தோட்டத்தை நடத்திய துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். காசுக்குரிய அடைமொழி மனிதருக்கு ஏறியதைக் கவனியுங்கள். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்காகவும் பெரிய கங்காணி பெற்றது பென்ஸ் காசு. ஆட்களின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவதாகத் தோட்டம் எழுதித் தந்த சீட்டு ‘துண்டு’; அது 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தொழிலாளியின் ஒருநாள் உழைப்புக்கோ ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒருவரின் பேரையே பாதியாக அறுக்கும் இச்சொல்லைப் போல நெஞ்சை அறுக்கும் தோட்டச்சொல் வேறொன்றை நான் அறியேன்.

1940 மே மாதம். லங்கா சமசமாஜக் கட்சியினர் முன்னின்ற வேலைநிறுத்த அலை பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தை எட்டியபோது, தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர்; அச்சபையைக் கலந்து தோட்டம் நடத்தத் துரையும் இசைந்தார். ஏவலும் எண்ணிக்கையுமாக இருந்த இடத்தில் கலந்துபேசல் நுழைந்தது. காவல்துறையின் அடக்குமுறையும், பதுளை அடங்கிய ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அந்தப் போராட்டத்தை முறித்தன. ஆனாலும் தொழிற்சங்கங்களின் வழியே ‘தலைவர்’ என்னும் சொல் லயங்களில் ஊன்றிவிட்டது. ஆட்களைக் கூட்டிவந்ததால் அதிகாரம் பெற்றவர் கங்காணி. ஆட்கள் கூடி ஏற்றதால் பெற்றவர் தலைவர். தலைவரிடமும் கங்காணித்தனம் புகுந்ததுண்டு என்பதையும் மலையகம் அறியும்.

இன்றும் மலையில் கொழுந்தெடுப்போரை மேற்பார்ப்பவர் கங்காணிதான். கொழுந்தெடுப்போரில் மிகப் பலர் பெண்கள். கங்காணிகளோ நெடுங்காலம் ஆண்களே. ‘கங்காணி’யின் இறுதி இகரமோ ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. தளிரின் பதமும் கூடையின் கனமும் தன் உடம்பால் அறிந்த பெண்ணை அப்பெயரால் அழைக்க இலக்கணம் என்றுமே தடையாக இருந்ததில்லை. சில தோட்டங்கள் இப்போதுதான் அப்படி அழைக்கத் தொடங்கியிருக்கின்றன.